பழைய விரா: பின் விளக்கின் ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிகிறது, ஷார்ட்டை எப்படித் தேடுவது?

செம்பனைச்சாலை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். ஊரின் பெயர் 2007இல் மாறிவிட்டாலும் எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறோம். வேலைக்குப் போய்வர என் தம்பி விட்டுச்சென்ற புரோட்டோன் விரா 1.5 காரை ஓட்டுகிறேன். அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதற்கு முன் அதில் செய்யாத வேலை இல்லை. முன்னால் இரண்டு ஃபாக் விளக்குகள், பின் பூட்டில் ஆம்ப்ளிஃபையரும் ஒரு பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியும், ஸ்பாய்லரில் எல்.இ.டி. பிரேக் விளக்கு, டேஷ்போர்டில் மூன்று கூடுதல் மீட்டர்கள், ஓர் அலாரம் ஆகியவை வெவ்வேறு கடைகளில் வெவ்வேறு ஆட்கள் பொருத்தியவை. எந்த வயர் எங்கே போகிறது என்று இன்று அவனுக்கே நினைவில்லை.

இரண்டு மாதமாக, பார்க் விளக்குக்கும் பின் விளக்குக்கும் உரிய 10 ஆம்பியர் ஃபியூஸ் அவ்வப்போது எரிந்துபோகிறது. சில நாள் காலையில் விளக்கைப் போட்டவுடனே எரிகிறது, சில நாள் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் எரிகிறது, பிறகு ஒரு வாரம் முழுவதும் ஒன்றும் ஆவதில்லை. வயரிங் கடையில் காட்டியபோது, முழு வயரிங்கையும் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றும் கூலியைப் பிறகு பேசலாம் என்றும் சொன்னார்கள். பிரிப்பதற்கு முன் நானே எதுவரை தேடிப் பார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் ஒன்று கையில் இருக்கிறது.

மூன்றாம்கியர்

எனக்கும் சென்ற ஆண்டு இதே தொல்லை இருந்தது. 10க்குப் பதிலாகப் பச்சை நிற 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகினேன், அதற்குப் பிறகு ஒரு முறைகூட எரியவில்லை. தேடும் வேலையே இல்லை.

பழையஹார்னஸ்

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், சகோதரி. முப்பது ஆண்டுகள் வாகன வயரிங் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பதற்காக, பல்பு அதன் கணக்கிலேயே இல்லை. பின் விளக்குக்குப் போகும் வயர் பெரும்பாலும் 0.5 முதல் 0.85 சதுர மில்லிமீட்டர் வரையிலான மெல்லிய வயர். அது உடம்புத் தகட்டில் பட்டால் 30 ஆம்பியர் ஃபியூஸ் உடனே போகும் என்று நம்ப முடியாது. தொடர்பு அரைகுறையாக இருந்து 25 ஆம்பியர் ஓடினால் ஃபியூஸ் நிற்கும், வயரின் தோல் உருகும், அதோடு ஒரே நாடாவில் சுற்றப்பட்டிருக்கும் பக்கத்து வயர்களும் உருகும். பின் இருக்கைக்கு அடியில் ஓடும் அந்தக் கட்டு பெட்ரோல் டாங்கிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை மூன்றாம்கியர் தம்பி ஒரு முறை குனிந்து பார்க்கட்டும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 என்று நிறம் பிரித்து வைத்திருப்பது அழகுக்காக அல்ல.

இனி உங்கள் காருக்கு வருகிறேன். முதலில் கணக்கு. முன் பார்க் விளக்கு இரண்டு, பின் விளக்கு இரண்டு, நம்பர் பிளேட் விளக்கு இரண்டு, ஆக ஆறு பல்புகள், ஒவ்வொன்றும் 5 வாட் என்றால் 30 வாட். டேஷ்போர்டு விளக்குகளுக்குப் பத்துப் பதினைந்து வாட் சேருங்கள். மொத்தம் 45 வாட்டைத் தாண்டாது, 12 வோல்ட்டில் அது 4 ஆம்பியருக்கும் குறைவு. எனவே 10 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். அது எரிகிறதென்றால் ஒன்று அதே வயரில் யாரோ வேறு சுமையை ஏற்றியிருக்கிறார்கள், அல்லது வயர் எங்கோ தகட்டைத் தொடுகிறது, அதைத்தான் ஷார்ட் என்கிறோம். எரிந்த ஃபியூஸைத் தூக்கிப் போடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளிருக்கும் தகடு நடுவில் மட்டும் மெல்ல உருகித் தொங்கினால் பெரும்பாலும் அதிகச் சுமை, பிளாஸ்டிக் கறுத்து உலோகம் தெறித்திருந்தால் பெரும்பாலும் நேரடி ஷார்ட்.

என் முதல் சந்தேகம் ஃபாக் விளக்குகள். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இல்லாமல் பார்க் விளக்கு வயரிலிருந்து நேராக எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

செம்பனைச்சாலை

மிக்க நன்றி, ஐயா. எரிந்த ஃபியூஸ்களில் நான்கை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். நான்கும் கறுத்துத் தெறித்தவை. ஃபாக் விளக்குக்கு ரிலே இருக்கிறது. 30 என்று எழுதிய காலுக்குப் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸுடன் தடித்த வயர் வருகிறது, 87 விளக்குகளுக்குப் போகிறது, ரிலேயை இயக்கும் 86 மட்டும்தான் பார்க் விளக்கு வயரில் சேர்ந்திருக்கிறது.

ஆனால் அங்கே இன்னொன்றைக் கண்டேன். அந்த 86 வயரை எலி கடித்திருக்கிறது. இடது விளக்கின் பின்னால் இரண்டு அங்குலத்துக்குத் தோலே இல்லை. செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நிர்வாகம் எலிக்காக ஆந்தைக் கூண்டுகள் வைத்திருக்கிறது, ஆனால் எங்கள் கார் நிறுத்தும் கொட்டகைப் பக்கம் அந்த ஆந்தைகள் வருவதில்லை போலும். வயரை மாற்றி, வளைகுழாய்க்குள் விட்டுக் கட்டிவிட்டேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறேன்.

பழையஹார்னஸ்

ரிலேயின் சுருள் 0.15 ஆம்பியர் அளவுக்குத்தான் எடுக்கும், எனவே சுமை பற்றிய என் சந்தேகம் தவறு. எலி கடித்த இடம் தகட்டில் பட்டிருந்தால் அங்கே ஒரு சிறு கரும்புள்ளி இருந்திருக்க வேண்டும். இருந்ததா?

செம்பனைச்சாலை

நீங்கள் கேட்ட பிறகுதான் போய்ப் பார்த்தேன். கரும்புள்ளி இல்லை. இருந்தாலும் ஒன்பது நாள் ஓடியதால் அதையே காரணமாக நம்பியிருந்தேன். பத்தாம் நாளான நேற்று மாலை கோலா சிலாங்கூரிலிருந்து திரும்பும்போது மீண்டும் எரிந்துவிட்டது. பின் விளக்கு இல்லாமல், பின்னால் ஒரு லோரி ஒட்டிக்கொண்டே வர, வீடு வந்து சேர்ந்தேன்.

இன்று மல்ட்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஃபியூஸ் சாக்கெட்டில் விளக்குப் பக்கத்துக் காலுக்கும் காரின் உடம்புக்கும் இடையே தொட்டேன். உடனே ஒலித்தது. 0.6 ஓம் காட்டியது. அப்படியென்றால் ஷார்ட் இப்போது நிலையாக இருக்கிறது என்றுதானே பொருள்? ஆனால் புது ஃபியூஸைப் போட்டு விளக்கைப் போட்டால் எரியாமல் நிற்கிறது. இது எனக்குப் புரியவில்லை.

ஒற்றைத்தறி

அந்த ஒலியை நம்ப வேண்டாம், அக்கா. நான் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் மின்பிரிவு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பவன், ஆண்டுதோறும் இதே இடத்தில் மாணவர்கள் வழுக்குவதைப் பார்க்கிறேன். 5 வாட் பல்பு எரியும்போது அதன் மின்தடை ஏறத்தாழ 29 ஓம். ஆனால் இழை குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குதான், அதாவது 3 ஓம் அளவு. ஆறு பல்புகள் இணையாக இருந்தால் அரை ஓம்தான் மிஞ்சும். டேஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்தால் இன்னும் குறையும், மீட்டர் கம்பியின் சொந்தத் தடை அதில் கொஞ்சம் கூட்டும். நீங்கள் அளந்தது ஷார்ட் அல்ல, நலமாக இருக்கும் பல்புகளை. எந்தப் பழுதும் இல்லாத காரிலும் அந்த இடத்தில் மீட்டர் ஒலிக்கும்.

ஆகவே மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு வயர் வைத்து, எரியும் ஃபியூஸின் இடத்தில் அதைச் செருகுங்கள். நேரடி ஷார்ட் இருந்தால் அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அப்போதும் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது என்பதால் எந்த வயரும் சூடாகாது, ஃபியூஸும் வீணாகாது.

பழையஹார்னஸ்

தம்பி சொன்னது சரி, ஆனால் பாதி. பல்புகளைக் கழற்றாமல் செய்தால் சோதனைப் பல்பு எப்படியும் எரியும், ஏனென்றால் அந்தக் குளிர்ந்த இழைகள் வழியாகவே மின்சாரம் போய்விடும். பின் விளக்கையும் நம்பர் பிளேட் விளக்கையும் கழற்றுவது எளிது. டேஷ்போர்டு விளக்குகளைக் கழற்ற மீட்டர் பலகையையே இறக்க வேண்டும், உங்கள் தம்பி போட்ட மூன்று மீட்டர்கள் வேறு. அதனால் காரை இரண்டாகப் பிரியுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில், பக்கவாட்டுத் தட்டியைக் கழற்றினால், பின்னால் போகும் ஹார்னஸ் (வயர்க் கட்டு) பிரியும் சாக்கெட் தெரியும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு அதை இழுத்துப் பிரித்தால் முன் பாதி வேறு, பின் பாதி வேறு. பிறகு நெகட்டிவை மாட்டி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஃபியூஸ், அதன் பின் சோதனைப் பல்பு, அதிலிருந்து பின் பாதி சாக்கெட்டில் பின் விளக்குக்குப் போகும் கால் என்று வரிசையாக இணையுங்கள். பல்புகள் எல்லாம் கழற்றப்பட்ட நிலையில் சோதனைப் பல்பு எரியவே கூடாது. எரிந்தால் குற்றவாளி பின் பாதியில் இருக்கிறான்.

விட்டு விட்டு வரும் ஷார்ட் என்பதால் உடனே எரியாது. ஹார்னஸை அங்கங்கே ஆட்டிப் பார்க்க வேண்டும். தனியாக வேலை செய்பவர் பின்னால் நின்று ஆட்டிக்கொண்டே முன்னால் இருக்கும் பல்பைப் பார்க்க முடியாது. நான் மோட்டார் சைக்கிள் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் பஸ்ஸர் ஒன்றைப் பல்புக்கு இணையாகக் கட்டிவிடுவேன். தொட்டால் கத்தும், காது கேட்டால் போதும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. எரிந்த நாட்களைக் குறித்து வைத்திருக்கிறீர்களா? அந்த நாட்களில் காரில் என்ன வேறுபாடு இருந்தது? ஆள், சுமை, மழை எதுவானாலும் சரி.

செம்பனைச்சாலை

கிராணி வேலை பார்ப்பவளிடம் குறிப்பு இல்லாமல் இருக்குமா, ஐயா? மைல் கணக்கு எழுதும் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. இதுவரை ஏழு முறை. மழைக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஏழில் மூன்று நாள் நல்ல வெயில். ஆனால் உங்கள் கேள்விக்குப் பிறகு செலவுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழில் ஐந்து நாள் பின் பூட்டில் சுமை இருந்திருக்கிறது. இரண்டு முறை 14 கிலோ கேஸ் சிலிண்டர், மூன்று முறை அரிசியும் மளிகையும். நேற்றும் சிலிண்டர்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்குத் தொடர்பு உண்டா என்று தெரியாது. இரவில் இடது சிக்னல் போட்டால் இடது பின் விளக்கும் அதோடு சேர்ந்து மங்கி மங்கி எரிகிறது. வலது பக்கம் அப்படி இல்லை. இது ஆறு மாதமாகவே இருக்கிறது, அதனால் பொருட்படுத்தவில்லை.

ஒற்றைத்தறி

முதலில் சிலிண்டரை வேறு வண்டியில் ஏற்றுங்கள், அக்கா. தீப்பொறி பறக்கும் பூட்டில் கேஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம்.

சிக்னலோடு சேர்ந்து பின் விளக்கு துடிப்பது எர்த், அதாவது மின்சாரம் உடம்புக்குத் திரும்பும் வழி, பழுதானதன் அடையாளம். இடது விளக்குக் கூட்டில் சிக்னல், பிரேக், பின் விளக்கு மூன்றும் ஒரே கறுப்பு வயர் வழியாகத்தான் உடம்புக்குத் திரும்புகின்றன. அந்த வழி குறுகிப்போனால் ஒன்று எரியும்போது மற்றதற்கு வோல்ட் போதாது. இதை மீட்டராலேயே அளக்கலாம். விளக்கையும் பிரேக்கையும் போட்டு வைத்து, விளக்குக் கூட்டின் கறுப்பு வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

மூன்றாம்கியர்

எர்த் பழுதுக்கும் ஃபியூஸ் எரிவதற்கும் என்ன தொடர்பு? எர்த் சரியில்லை என்றால் மின்னோட்டம் குறையத்தானே வேண்டும்?

ஒற்றைத்தறி

நல்ல கேள்வி. எர்த் பழுதால் இந்த ஃபியூஸ் எரியாது. இரண்டும் தனித்தனிப் பழுதுகளாக இருக்கலாம். ஆனால் இரண்டும் இடது பின்பக்கத்தைக் காட்டுவதால், ஒரே இடத்தில் ஒரே கை செய்த சேதமாகவும் இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். அந்தப் பக்கம் யார் என்ன பொருத்தினார்கள் என்று தம்பியிடம் கேளுங்கள், அக்கா.

செம்பனைச்சாலை

கறுப்பு வயரில் வலது பக்கம் 0.08 வோல்ட், இடது பக்கம் 3.8 வோல்ட். தம்பியிடம் கேட்டேன். ஆம்ப்ளிஃபையர் பலகையை இடது சுவரோடு சேர்த்துத்தான் பொருத்தினார்களாம். அதன் மேலேயே ஒலிபெருக்கிப் பெட்டி சாய்ந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிரித்துப் பார்க்கிறேன்.

செம்பனைச்சாலை

கண்டுபிடித்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கினேன். பழையஹார்னஸ் ஐயா சொன்னபடி சாக்கெட்டைப் பிரித்து, பின் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு பல்புகளைக் கழற்றி, 21 வாட் பல்பையும் பஸ்ஸரையும் கட்டினேன். ஒன்றும் எரியவில்லை, ஒன்றும் கத்தவில்லை. பூட் மூடியைப் பத்து முறை திறந்து மூடினேன். கீல் அருகே வளையும் வயர்களை இழுத்துப் பார்த்தேன். பின் இருக்கையைத் தூக்கி ஹார்னஸை முழு நீளத்துக்கும் பிசைந்தேன். அரை மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை, அம்மா வந்து காபியை வைத்துவிட்டு, கார் சரியாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு சுமையைப் பற்றிய குறிப்பு நினைவுக்கு வந்தது. வீட்டில் இருந்த பத்துக் கிலோ அரிசி மூட்டையை, வழக்கமாக வைக்கும் இடத்தில், ஒலிபெருக்கிப் பெட்டிக்கு வலப்பக்கம் வைத்தேன். சத்தமில்லை. மூட்டையோடு சேர்த்துப் பெட்டியை இடது பக்கம் முழங்காலால் தள்ளினேன். பஸ்ஸர் கத்தியது. காலை எடுத்தால் நின்றது, தள்ளினால் கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு இவ்வளவு மகிழ்ச்சி அடைவேன் என்று நினைத்ததில்லை.

பெட்டியை இறக்கி, ஆம்ப்ளிஃபையர் பலகையைக் கழற்றினேன். பலகையைப் பிடித்திருந்த நான்கு ஸ்குருக்களில் மூன்று ஒரு அங்குலம், நான்காவது மட்டும் இரண்டு அங்குலம். கையில் இருந்ததைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். அந்த நீள ஸ்குரு பலகையையும் தட்டியையும் உள்தகட்டையும் துளைத்து, தகட்டுக்குப் பின்னால் மறைந்து ஓடும் ஹார்னஸுக்குள் இறங்கியிருக்கிறது. நாடாவைப் பிரித்துப் பார்த்தேன். கறுப்பு வயரின் இழைகளில் நான்கைந்துதான் மிச்சம், மற்றவை அறுந்து பச்சைப் பொடியாகிக் கையோடு வந்தன. அதை ஒட்டியிருந்த பின் விளக்கு வயரின் தோலில் ஓர் அரிசி நீளத்துக்குக் கீறல், அதன் ஓரம் கரி பிடித்திருக்கிறது, உள்ளே செம்பு மட்டும் தேய்த்த பாத்திரம் போலப் பளபளப்பாக இருக்கிறது. ஸ்குருவின் மரையில் இரண்டு இடத்தில் உருகிய தழும்பு. பெட்டி தள்ளப்படும்போது பலகை வளைந்து ஸ்குருவின் முனை அந்தக் கீறலுக்குள் நுழைகிறது. குழியில் இறங்கினாலும் அதேதான் நடந்திருக்க வேண்டும்.

எலிக்கு இதில் பங்கே இல்லை.

பழையஹார்னஸ்

வாழ்த்துகள், சகோதரி. இரண்டு மாதத் தொல்லைக்கு முழங்காலால் விடை கண்டவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். கறுப்பு வயரை முதலில் அறுத்துவிட்டு, மாதக்கணக்கில் ஆடி ஆடி அடுத்த வயரின் தோலைத் தேய்த்திருக்கிறது. அதனால்தான் சிக்னல் துடிப்பு முன்னால் வந்தது, ஃபியூஸ் பின்னால் எரியத் தொடங்கியது.

சரிசெய்யும்போது இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றி மூடிவிடாதீர்கள். நம் வெயிலில் பூட்டுக்குள் டேப்பின் பசை ஓராண்டில் கரைந்து வழியும். பச்சை பிடித்த வயரை நல்ல செம்பு தெரியும் வரை இரு பக்கமும் வெட்டி எறிந்துவிட்டு, அதே தடிமனில் புது வயர்த் துண்டு சேருங்கள். பின் விளக்கு வயருக்கும் அப்படியே.

மூன்றாம்கியர்

சாலிடர் வைப்பது (ஈயம் உருக்கி ஒட்டுவது) நல்லதா, கிரிம்ப் செய்வது (உலோகக் குழலில் வைத்து நசுக்கி இறுக்குவது) நல்லதா? எங்கள் பொமன் (மெக்கானிக்) சாலிடர்தான் என்றைக்கும் நிற்கும் என்கிறார்.

பழையஹார்னஸ்

அதிரும் இடத்தில் கிரிம்ப். சாலிடர் இழைகளுக்குள் ஊறி வயரை விறைப்பாக்கும், விறைப்பு முடியும் இடத்தில் வயர் ஒடியும். சாலிடர்தான் வைப்பேன் என்றால் இருபுறமும் ஹார்னஸோடு சேர்த்துக் கட்டி ஆடாமல் செய்யுங்கள். இரண்டிலும் மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டே ஆக வேண்டும். இதில் என்னோடு சண்டைக்கு வரும் வயர்மேன்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களும் நல்ல வேலைக்காரர்கள்தான்.

செம்பனைச்சாலை

கிரிம்ப் செய்து சுருங்கும் குழாய் போட்டாயிற்று. கறுப்பு வயரின் முனையில் பெயிண்டைச் சுரண்டி, வளைய முனையம் வைத்து, போல்ட்டை இறுக்கினேன். இப்போது இடது பக்கமும் 0.09 வோல்ட். சிக்னல் போட்டால் பின் விளக்கு அசையாமல் எரிகிறது. ஆம்ப்ளிஃபையர் பலகையை இனி சுவரில் துளைக்காமல், பெட்டியின் முதுகிலேயே பொருத்திவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஆம்ப்ளிஃபையருக்குப் பேட்டரியிலிருந்து வரும் தடித்த சிவப்பு வயரில் ஃபியூஸ் பூட்டுக்குள், ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து அதுவரை நடுவில் ஒன்றுமே இல்லை. இப்படி இருக்கலாமா?

பழையஹார்னஸ்

இருக்கக் கூடாது. அந்த ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். இப்போது இருக்கும் நிலையில் பேட்டரி முதல் பூட் வரை அந்த வயர் எங்கே தகட்டைத் தொட்டாலும் தடுக்க ஒன்றும் கிடையாது, பேட்டரி தன் முழு பலத்தையும் அதில் இறக்கும். பின் விளக்கு வயருக்காவது 10 ஆம்பியர் ஃபியூஸ் காவல் இருந்தது. அந்த வயர் என்ஜின் அறைச் சுவரைத் தாண்டும் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பார்க்கும்வரை பேட்டரி முனையிலிருந்து அதைக் கழற்றி வையுங்கள்.

செம்பனைச்சாலை

இப்போதுதான் டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், ஐயா. ரப்பர் வளையம் இல்லை. வெறும் தகட்டுத் துளை, வயரின் தோலில் ஏற்கெனவே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. செம்பு இன்னும் தெரியவில்லை. வயரைக் கழற்றி முனையை நாடா சுற்றி மூடிவிட்டேன். நாளை வேலை முடிந்ததும் கடைக்குப் போகிறேன்.

ஒற்றைத்தறி

துளையின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், அக்கா. அளவு தெரியாமல் வளையம் வாங்கப் போனால் இரண்டு முறை அலைய வேண்டியிருக்கும்.

செம்பனைச்சாலை

அளந்துவிட்டேன், 14 மில்லிமீட்டர்.

இன்னொரு செய்தி. பின் விளக்கைச் சரிசெய்து இன்றோடு பதினொரு நாள். நேற்று பூட் நிறைய அரிசியும் மளிகையும் ஏற்றிக்கொண்டு செம்மண் சாலை வழியாகவே வந்தேன். அதே சிவப்பு 10 ஆம்பியர் ஃபியூஸ்தான் இன்னும் ஓடுகிறது.